குழாய் குழாயைத் தொடாத கோபுரம்

ஆறு அலுமினியக் குழாய், 24 ஸ்டெயின்லெஸ் கம்பி. எந்தக் குழாயும் இன்னொரு குழாயைத் தொடவில்லை. எல்லாம் கம்பியில்தான் தொங்குகின்றன. ஆனாலும் முழுசும் நிமிர்ந்து நிற்கிறது. உயரம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர். பினாங்கு மாநிலம் பிறை என்ற ஊரில், எங்கள் பட்டறை வாசலில் இருக்கிறது. இதை எப்படிச் செய்தோம், எது படுத்தி எடுத்தது, நம் ஊர்க் கடற்காற்றுக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் இன்னொருவர் பார்த்துச் செய்யும் அளவுக்கு எழுதுகிறேன்.

செய்தது நானும் என் அக்கா மகளும். எனக்குத் தொழில் கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு. தைப்பூசம் நெருங்கினால் காவடிச் சட்டம். அவள் மிண்டனில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலை படிக்கிறாள். காவடிக்கு வாங்கி மிஞ்சிய அலுமினியக் குழாய் ஒரு கட்டு சுவரோரம் கிடந்தது. "மாமா, இதை எடைக்குப் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள்.

வாஷிங்டனில் ஹிர்ஷ்ஹோர்ன் அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கும் 'நீடில் டவர்'. கென்னத் ஸ்னெல்சன் 1968இல் செய்தது. 18 மீட்டர் உயரம், மேலே போகப் போக ஊசியாய்ச் சிறுத்துவிடும். அதுவும் அலுமினியக் குழாய், ஸ்டெயின்லெஸ் கம்பிதான். கீழே உள்ளே நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் ஆறுமுனை நட்சத்திரம் தெரிகிறது. நட்சத்திரம் செய்யவேண்டும் என்று அவர் செய்யவில்லை; மூன்று மூன்று குழாயாக அடுக்கி, ஒரு தட்டு வலப்பக்கம் திரிந்தால் அடுத்த தட்டை இடப்பக்கம் திரித்தால் அது தானாக வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது அதுதான். இது எதைக் காட்டுகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. இது எப்படி நிற்கிறது என்று கேட்டால் பதில் முழுக்கக் கண்முன்னே இருக்கிறது, ஒளிவுமறைவே இல்லை.

ஸ்னெல்சன் 1948இல் பிளாக் மவுண்டன் கல்லூரியில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் படித்த மாணவர். இந்த அமைப்புக்கு டென்செக்ரிட்டி என்று பெயர் வைத்தவர் ஃபுல்லர். முதலில் கையால் செய்துகாட்டியது மாணவர். யாருக்குப் பெருமை என்பதில் இருவருக்கும் மனத்தாங்கல் வெகுகாலம் இருந்தது. பட்டறைக்காரன் நான், என் ஓட்டு செய்தவருக்குத்தான்.

ஃபுல்லர் பினாங்குக்கு அந்நியரும் அல்ல. கொம்தாரைக் கட்டிய கட்டடக் கலைஞர் லிம் சோங் கியாட் அவருடைய நண்பர். ஜார்ஜ் டவுனில் 65 மாடியாகக் கட்டிய அந்தக் கோபுரத்தின் காலடியில் முக்கோணம் முக்கோணமாக ஒரு கூண்டுக் கூரை இருக்கிறதே, இப்போது டெக் டோம் பினாங்கு என்ற அறிவியல் மையம் இயங்கும் இடம், அது ஃபுல்லர் உலகெங்கும் பரப்பிய ஜியோடெசிக் வகை. எத்தனையோ தடவை அதன் நிழலில் வண்டி நிறுத்தியிருக்கிறேன். கூரை என்று மட்டும்தான் நினைத்தேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் சாத்தே குச்சியும் ரப்பர் வளையமும் வைத்து ஒரு மாதிரி. இதைத் தவிர்க்கவே கூடாது. எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு எந்தக் கம்பி என்பது காகிதத்தில் பார்த்தால் தலை சுற்றும். கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் கால் மணியில் புரிந்துவிடும். ஆனால் ரப்பர் நீளத்தை மன்னிக்கும், கம்பி மன்னிக்காது. அதனால் அடுத்தது கணக்கு.

ஒரு தட்டு என்பது மூன்று குழாய், ஒன்பது கம்பி: மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம், இரண்டையும் சேர்க்கும் மூன்று நிமிர்ந்த கம்பிகள். மேல் முக்கோணம் கீழ் முக்கோணத்திலிருந்து எவ்வளவு திரும்பி நிற்கவேண்டும் என்பதை நாம் முடிவு செய்யமுடியாது. மூன்று குழாய் என்றால் நிமிர்ந்த கம்பி அடியிலிருந்து நுனிக்குப் போகும்போது சரியாக 30 டிகிரி சுற்றியிருக்கும். அங்கேதான் அது இறுகி நிற்கும், வேறெங்கும் நிற்காது. குழாய் முனைக்கு முனை 900 மி.மீ., முக்கோணத்தின் பக்கம் 520 என்று எடுத்துக்கொண்டோம். அப்படியானால் நிமிர்ந்த கம்பி 706 மி.மீ., தட்டின் உயரம் 688. இந்த நாலு எண்ணும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றதையும் திரும்பப் போடவேண்டும்.

இரண்டாவது தட்டை முதல் தட்டின் தலையில் அப்படியே தூக்கி வைக்கமுடியாது. வைத்தால் குழாயும் குழாயும் தொட்டுவிடும். நடு இடத்தில் இரண்டு முக்கோணங்களையும் எடுத்துவிட்டு, கீழ்த்தட்டின் மூன்று தலையும் மேல்தட்டின் மூன்று காலும் மாறி மாறி வருமாறு ஆறு கம்பியால் ஒரு வளையம். மேல்தட்டின் கால்கள் கீழ்த்தட்டின் தலையைவிடக் கொஞ்சம் தாழ்ந்து உள்ளே இறங்கி நிற்கும். அவை இன்னும் இறங்காமலும் எழும்பாமலும் இருக்க ஆறு குறுக்குக் கம்பி. ஆக மொத்தம் அடி முக்கோணம் மூன்று, உச்சி முக்கோணம் மூன்று, நடு வளையம் ஆறு, நிமிர்ந்தவை ஆறு, குறுக்கு ஆறு. ஒவ்வொரு குழாய் முனையிலும் நான்கு கம்பி வந்து சேரும். பன்னிரண்டு முனை, அதாவது 48 சுருக்கு போடவேண்டும். இந்த 48 என்ற எண்ணைப் பார்த்தபிறகுதான் மருமகள் முகத்தில் கொஞ்சம் களை வாடியது.

குழாய் 25 மி.மீ. வெளிவிட்டம், ஒன்றரை மி.மீ. சுவர். 900 மி.மீ. நீளத்துக்கு இது வளைந்து மடங்க, கணக்குப்படி 600 கிலோவுக்கு மேல் அமுக்கவேண்டும். நாங்கள் கம்பியில் ஏற்றப்போவதோ 15 கிலோ அளவு இழுவை. அதனால் குழாய் ஒடியுமோ என்ற பயமே வேண்டாம். ஆனால் பெரிதாகச் செய்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அதே குழாயை இரண்டு மடங்கு நீளத்துக்குப் போட்டால் தாங்கும் சக்தி பாதியாகாது, கால்வாசியாகிவிடும்.

நம் ஊரில் இதைக் கொல்லப்போவது பாரம் அல்ல, உப்பு. அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் நேராகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி உண்டாகிறது. அதில் தேய்ந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். காவடி கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. போன வருஷச் சட்டத்தைப் பிரித்தால் திருகு இறங்கிய இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். வியர்வையும் பாலும் உள்ளே இறங்கி ஒரு வருஷம் மூட்டைக்குள் கிடந்ததன் பலன். காவடியில் அந்தத் துண்டை மாற்றிவிடலாம். இங்கே குழாயின் முனை போனால் சிற்பமே போச்சு.

அதனால் இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்தது குழாய் முனைக்குத்தான். கறுப்பு நைலான் ராடை லேத்தில் பிடித்துக் குடைக்காளான் வடிவில் கடைந்தேன். தண்டு 22 மி.மீ., குழாய்க்குள் இறுக்கமாக இறங்கும். தலை குழாயின் வெளிவிட்டத்தைவிடச் சற்று அகலம். அதன்மேல் 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டு வட்டு, விளிம்போரம் நான்கு துளை. வட்டை நைலானோடு சேர்க்க நடுவில் ஒரு திருகு. அது நைலானுக்குள்ளேயே முடிந்துவிடும். கம்பிகள் வட்டைக் குழாயை நோக்கி இழுக்கும், நைலான் நடுவில் நசுங்கி நிற்கும், அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் எங்கேயும் சந்திக்காது. வெள்ளை நைலானை வெயிலில் போடாதீர்கள், சீக்கிரம் பொரிந்துவிடும். கறுப்பு நின்று பிடிக்கும்.

நைலானும் குழாயும் சேரும் இடத்தில் சிலிக்கான் பூசினோம். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கவேண்டும். புளிக்காடி வாடை அடிக்கும் மலிவு வகை காயும்போது விடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். எவ்வளவு அடைத்தாலும் இந்தப் புழுக்கத்தில் குழாய்க்குள் வியர்க்கத்தான் செய்யும். ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் தண்ணீர் தன்பாட்டில் வடிந்துவிடும்.

அப்புறம் கம்பி. 2 மி.மீ. வயர் ரோப், 316 தரம், ஏழு புரியில் ஏழு இழை. பட்டர்வொர்த்தில் மீன்பிடிப் படகுகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. ஸ்டெயின்லெஸில் சாதாரண 304 தரம் போதாதா என்றால், நகரத்துக்குள் ஒரு வீட்டு வரவேற்பறைக்குப் போதும். கடல் பக்கம் 304இல் சில மாதங்களிலேயே பழுப்புக் கறை ஏறும். 316இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 316 என்று சொல்லும் கடைக்காரரிடம் சிரித்துவிட்டு நகருங்கள். 304இலும் காந்தம் ஒட்டாமல் போகலாம்.

இன்னொரு கடையில் சுருக்குப் போடும் ஸ்லீவ் (வளைத்த கம்பியைச் சேர்த்து நசுக்கும் சிறு உலோகக் குழல்) கேட்டபோது ஒரு பொட்டலம் நிறைய அலுமினிய ஸ்லீவைக் கொடுத்துவிட்டார்கள். விலை குறைவுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் கம்பியை அலுமினிய ஸ்லீவில் நசுக்குவது என்றால், இவ்வளவு நேரம் குழாய் முனையில் தடுத்த அதே பேட்டரியை 48 இடத்தில் நாமே கட்டிவைக்கிறோம் என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்து, நிக்கல் பூசிய செம்பு ஸ்லீவ் வாங்கினோம். ஒவ்வொரு சுருக்கின் உள்வளைவிலும் கம்பி தேயாமல் காக்கும் திம்பிள் என்ற உலோகக் காப்பை வைத்து, கம்பியின் வால் ஒரு கம்பித் தடிமன் வெளியே நீட்டி நிற்குமாறு நசுக்கவேண்டும். வால் உள்ளே மறைந்திருந்தால் அது பிடித்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

புதுக் கம்பி முதல் பாரத்தில் கொஞ்சம் நீளும். புரிகள் ஒன்றுக்கொன்று அடங்கி உட்காரும். இதைச் சிற்பத்தில் நடக்க விட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் தொய்ந்துவிடும். அதனால் சுருக்குப் போட்ட ஒவ்வொரு கம்பியையும் கூரை உத்தரத்தில் மாட்டி, 50 கிலோ சிமெந்து மூட்டையை இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். இந்தக் கம்பி அறுக்க இருநூறு கிலோவுக்கு மேல் வேண்டும், ஆகவே மூட்டை தாங்கும். ஸ்லீவ் சரியாக நசுங்காவிட்டால் அங்கேயே நழுவி நம்மிடம் சொல்லிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பட்டறையில் இரும்பும் ஸ்டெயின்லெஸும் ஒன்றாகப் புழங்கும். இரும்பைக் கிரைண்டரில் பிடிக்கும்போது பறக்கும் பொறி ஸ்டெயின்லெஸ் மேல் விழுந்தால், நல்ல 316கூட இரண்டு மழைக்குப் பின் புள்ளி புள்ளியாய்த் துருப் பிடித்ததுபோலத் தெரியும். துரு அதனுடையது அல்ல, விழுந்த இரும்பினுடையது. இதற்காக மூலையில் ஒரு மேசையைத் தார்ப்பாய் கட்டிப் பிரித்து வைத்தேன். கிரைண்டர் என்றதும் ஒரு கிளைக்கதை: டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்கச் சிற்பி 1925இல் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை பார்த்தவர். பிறகு அவர் செய்த 'கியூபி' வரிசை ஸ்டெயின்லெஸ் பெட்டிகளின் மேல் கிரைண்டரால் சுழித்துச் சுழித்துக் கோடு இழுத்து, வெயில் அதில் விளையாடும்படி விட்டார். நாங்கள் கேட்டில் கிரைண்டர் கோடு தெரிந்தால் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவோம்.

பூட்டுவதற்கு இரண்டு பேர் கட்டாயம், மூன்று பேர் இருந்தால் நிம்மதி. முக்கோணங்களும் நடு வளையமும் நீளம் மாறாத கம்பிகள். நிமிர்ந்தவை, குறுக்கு, இந்தப் பன்னிரண்டில் மட்டும் டர்ன்பக்கிள், அதாவது சுற்றினால் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகு. எல்லா டர்ன்பக்கிளையும் முழுக்கத் திறந்து வைத்துப் பூட்டினால் முதலில் ஒரு குழாய்க் குவியல்தான் கிடைக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். மனம் தளர வேண்டாம்.

இறுக்குவது சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக் கம்பி இறுக்குவதுபோல: ஒன்றைக் கால் சுற்று, அடுத்ததைக் கால் சுற்று, வட்டமாகப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். ஒரே கம்பியை ஆசையாய் இறுக்கினால் எதிர்ப்பக்கம் சரியும். வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். ஆட்டினால் கொழகொழவென்று ஆடும். கடைசிச் சில சுற்றுகளில் திடீரென்று மொத்தமும் விறைத்துக்கொள்கிறது. குழாய்கள் தரையைவிட்டு எழும்பித் தங்கள் இடத்துக்குத் திரும்பிக்கொண்டன, நாங்கள் எதையும் தூக்கி நிறுத்தவில்லை. அலகு காவடியில் சட்டம் ஆடுபவரின் தோளில் சாயாமல் இருக்க எதிரெதிர்ச் சங்கிலிகளைச் சமமாக இழுத்துப் பார்ப்பது என் கைக்குப் பழக்கம். அங்கே அந்த இழுவையைத் தாங்க ஓர் உடம்பு இருக்கிறது. இங்கே உடம்பு இல்லை, வெறும் இழுவை மட்டும்தான். அதையே ஓர் உருவம் என்று வைத்துவிடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஸ்டெயின்லெஸ் திருகும் ஸ்டெயின்லெஸ் மரையும் காய்ந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். எங்களுக்கும் ஒரு டர்ன்பக்கிள் அப்படிப் போனது. மரையில் இந்தக் கடியைத் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவி, மின்கருவி இல்லாமல் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இறுகிய கம்பி நழுவினால் முகத்துக்குத்தான் வரும்.

எவ்வளவு இறுக்கம் போதும்? இழுவை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. மருமகள் கம்பியை விரலால் சுண்டிவிட்டுக் கைப்பேசியில் கித்தார் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்தாள். ஒரே கம்பி, ஒரே நீளம் என்றால் சுருதியும் ஒன்றாக இருக்கவேண்டும். இழுவை நான்கு மடங்கானால் சுருதி இரட்டிப்பாகும். எங்கள் நிமிர்ந்த கம்பிகள் 15 கிலோ இழுவையில் கித்தாரின் மிகத் தடித்த தந்தி எழுப்பும் சுருதிப் பக்கம் வந்து நின்றன. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலையும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வித்தியாசம் குறையும். படுக்கைக் கம்பிகளை நிமிர்ந்தவற்றோடு ஒப்பிடாதீர்கள். ஒற்றைத் தட்டுக் கணக்கில் அவற்றுக்கு நிமிர்ந்த கம்பியின் பாதிக்கும் குறைந்த இழுவைதான் விழும். தளர்வாக இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

வெளியில் வைத்தபிறகு ஒரு வேடிக்கை. காலையில் ஒரு சுருதி, மத்தியான வெயிலில் ஏறத்தாழ அரைச் சுரம் கூடுதல், மாலை மழை பெய்ததும் மறுபடி கீழே. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் 0.023 மி.மீ. நீளும், 316 கம்பி 0.016தான். 30 டிகிரி சூடேறினால் 900 மி.மீ. குழாய் 0.6 மி.மீ. வளர்கிறது, கம்பி அதே விகிதத்தில் கூடவே வரமறுக்கிறது, ஆகவே இறுகுகிறது. அதனால் சுருதி சேர்ப்பதை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். மத்தியானம் சரியாக இருப்பது ராத்திரி தொய்ந்துபோகும்.

எடை மிகக் குறைவு. ஆறு குழாயும் சேர்ந்து இரண்டு கிலோகூட வராது. காற்று தள்ளிவிடும் என்பதால் மூன்று கால்களின் கீழும் ரப்பர் வைத்து, சிமெந்துத் தளத்தில் சிறு கொக்கி அடித்துக் கட்டியிருக்கிறோம். கட்டாமலும் நிற்கும், ஆனால் எங்கே நிற்கும் என்று சொல்லமுடியாது.

வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை. டிவி ஏரியலா என்றார் ஒருவர். காவடி பாதியில் நிற்கிறதா என்றார் இன்னொருவர். அது ஓரளவு நியாயமான கேள்வி. ஒரு பெரியவர் மட்டும் எதுவும் கேட்காமல் குனிந்து, எந்தக் குழாய் எதைத் தொடுகிறது என்று சுற்றிச் சுற்றித் தேடினார். தொடவில்லை என்று உறுதியானதும் "ஆமா, தொடல" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு விலை பேச ஆரம்பித்தார்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மழை படாத பக்கத்தில்தான் உப்பு படியும், அதனால் அவ்வப்போது குழாய்த் தண்ணீரால் அலசிவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு நைலான் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அலுமினியம் பளபளப்பாகவே இருந்தது, வெள்ளைப் பொடி இல்லை. ஸ்லீவ்களில் லேசான மங்கல், அவ்வளவுதான்.

மூன்றாவது தட்டுக்கு மருமகள் இப்போது 600 மி.மீ. குழாய் கேட்கிறாள், மேலே போகப் போகச் சிறுக்கவேண்டுமாம். குழாய் அறுத்து வைத்துவிட்டேன். அதற்கு உச்சி முக்கோணத்தின் மூன்று கம்பியையும் எடுத்துவிட்டு, அங்கே ஆறு கம்பியில் இன்னொரு வளையம் புதிதாய்ப் போட்டு, குறுக்குக் கம்பிகளின் நீளத்தையும் திரும்பக் கணக்கிடவேண்டும். கணக்கு அவள் பொறுப்பு, ஸ்லீவ் நசுக்குவது என் பொறுப்பு என்று பேசி வைத்திருக்கிறோம்.